கேட்டது யார்

நைலுக்கு அப்பால், பாலைவனத்துக் கிறிஸ்தவ மடத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் துறவி பிஸாதா அபூனாவுக்கு இன்சாஃபைத் தூரத்தில் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். தக்காளி ஏற்றிப்போகிற ஏதாவது ஒரு லாரி அவளை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து மடம்வரைக்கும் மணலைக் கிழித்துக்கொண்டு வருகிற ஒற்றைத் தார்ச்சாலையில், தலையில் கூடையோடு கறுப்பு அங்கி ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டு வந்தால் அது ரோமானியின் அம்மா, ஊர் வாயில் உம்மு ரோமானிதான். அபூனா எழுந்து, வாசல் கதவின் சின்னத் திட்டிக்கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொள்வார். இன்றைக்கும் அப்படித்தான் செய்தார்.

“உம்மு ரோமானி, போன தடவையே சொன்னேன் இல்லையா? துறவியாகறதுக்கு முன்னால சோதனைக் காலத்துல இருக்கற பசங்கள வீட்டு ஆளுங்க பார்க்கக் கூடாது. இது நான் போட்ட சட்டமில்ல.”

“யாரைப் பார்க்க வந்தேன்னு நான் சொன்னேன்? ரொட்டி கொடுக்க வந்தேன் அபூனா. ரொட்டிக்கும் சட்டம் உண்டா?”

“ரொட்டி உள்ள போகலாம். நீங்க போக முடியாது.”

“அப்போ நான் ரொட்டியா பொறந்திருக்கணும்.”

அவர் தாடிக்குள் சிரித்தபடி கூடையை வாங்கிக்கொண்டார். மாவை வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டுச் சுடுகிற தடித்த ரொட்டிகள், துணிக்கு மேலாகவே இன்னும் இளஞ்சூடாகத் தெரிந்தன. அவள் திரும்பிப் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். மதில்சுவரோரம் கையகல நிழல் ஒன்று விழுந்திருக்கும். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். உதடு அசையும். அவள் கேட்பது ஒன்றேதான். “ஆண்டவரே, என் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பு.” காலையில் மாவு பிசையும்போது கேட்பது, லாரிக்குக் கை காட்டும்போது கேட்பது, கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது அடியில் தனியாக ஓடுவது, எல்லாம் அதுதான். அந்த ஜெபத்தில் உமது சித்தம் செய்யப்படுவதாக என்கிற இடம் வரும்போது அவள் வாய் மூடிக்கொள்ளும். வேண்டுமென்று மூடுவதில்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை விலகுவதுபோல அது தானாகவே விலகிக்கொள்ளும்.

சுவர் முடிகிற இடத்தில் மாட்டுக்கொட்டகையின் இரும்புக்கதவு இருந்தது. அது திறந்தால் பார்க்கலாம். இன்று திறந்தது. சாணி நிரம்பிய ஒற்றைச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வந்தான். வெள்ளை அங்கி முழங்கால்வரை அழுக்கு. மின்யா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, பட்டமளிப்பில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்ற அவள் பிள்ளை. தாடி வளர்ந்து முகம் பாதியாகிவிட்டது. எருக்குழியில் வண்டியைக் கவிழ்த்துவிட்டு, ஒரு கணம் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். சுவரோரம் நிற்கிறவளை அவன் பார்த்தானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

*

கல்யாணமாகி வெகுகாலம் அவளுக்குக் குழந்தையில்லை. மல்லாவியிலும் மின்யாவிலும் பார்க்காத மருத்துவரில்லை. கடைசியில் மாரி கிர்கிஸ் புனிதரின் திருவிழாவில் கூட்டத்தோடு இடிபட்டு உள்ளே போய், பலிபீடத் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளை கொடு, உனக்கு ஒரு கன்றுக்குட்டி தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ரோமானி பிறந்தான். கன்றையும் கொடுத்தாள். அவள் கணவன் அய்யாத் அதன் கொம்புக்கு ரிப்பன் கட்டித் திருவிழாவுக்கு நடத்திக்கொண்டு போனது தெருவில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் ரோமானி ராணுவச் சேவை முடிந்து வந்த வருஷம், ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே “நான் மடத்துக்குப் போறேன்” என்று சொன்ன பிறகு, தெருவின் ஞாபகம் மெல்ல மாறத் தொடங்கியது. இன்சாஃப் பிள்ளையைத்தான் நேர்ந்துகொண்டாள் என்று பேச்சு வந்தது. கோயில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“நீங்க வேதத்துல வர்ற அன்னாள் மாதிரி, உம்மு ரோமானி. கேட்டு வாங்கினத கர்த்தருக்கே திருப்பிக் கொடுத்துட்டீங்களே!”

“நான் கன்னுக்குட்டியத்தான் நேர்ந்தேன்,” என்றாள் அவள். “கொடுத்தும் ஆச்சு. எனக்கும் அவருக்கும் கணக்கு தீர்ந்துபோச்சு.”

அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரோமானி அதைச் சொன்ன மதியம் அய்யாத் சாப்பாட்டுக் கையோடேயே மகனைக் கட்டிப்பிடித்து அழுதான். அவனுக்குக் கடைத்தெருவில் கரும்புச்சாறுக் கடை. மறுநாள் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாறு கொடுத்தான். “என் பையன் துறவியாகப் போறான், குடிங்க” என்று, எதிர்ச்சாரியில் இஸ்திரி போடுகிற ஹாஜி ஸப்ரிக்கும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். இன்சாஃப் அன்று பாத்திரங்களைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

அவளுக்குத் துறவு என்றால் என்னவென்று தெரியாமலில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தனின் துறவேற்புக்கு முன்பு போயிருக்கிறாள். அவனைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்துத் துணியால் மூடி, செத்தவனுக்குச் சொல்கிற ஜெபத்தை அவன்மேல் சொன்னார்கள். பிறகு துணியை விலக்கி வேறு பேர் வைத்து எழுப்பினார்கள். எல்லாரும் குலவையிட்டார்கள். அவனுடைய அம்மாவும் குலவையிட்டாள், ஆனால் அவள் குரல் எங்கேயோ பாதியில் நின்றுபோனதை இன்சாஃப் பக்கத்திலிருந்து கேட்டாள். ரோமானி துணிக்கடியில் படுத்திருக்கும்போது அவள் என்ன செய்வாள்? ரோமானி போய் இன்னொரு பேர் எழுந்து வந்தால், இத்தனை வருஷமாக ஊரே அவளைக் கூப்பிடுகிற பேர் என்ன ஆகும்? செத்துப்போன ஒருவனின் பேரைச் சொல்லியா அவளைக் கூப்பிடுவார்கள்?

கடைசியில் ஒரு நாள் அவள் லூகா அபூனாவிடமே முறையிட்டாள். அவர் அவர்கள் பங்குக் குரு. ரோமானிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அன்றைய பிரசங்கத்தில், நியாயம் கேட்டு நீதிபதியின் கதவை விடாமல் தட்டின சுவிசேஷத்து விதவையைப் பற்றிப் பேசியிருந்தார். பூசை முடிந்து ஆசீர்வாத ரொட்டி வாங்குகிற வரிசையில், அவள் கையில் ரொட்டியை வைக்கும்போது, அவள் கையை மூடாமலேயே நின்றாள்.

“அபூனா, விடாம கேளுங்கன்னு சொன்னீங்க. நான் விடாமத்தான் கேக்கறேன். கொடுக்கறாரா?”

“கேளும்மா. கேட்டுக்கிட்டே இரு. ஆனா கடைசியில அவர் சித்தம்னு விட்டுடணும்.”

“அந்த விதவை அப்படியா சொன்னா? நீதிபதிகிட்டப் போய், உங்க சித்தம் ஐயா, நீங்க பார்த்துச் செய்யுங்கன்னா சொன்னா? எனக்கு நியாயம் வேணும்னு கேட்டா. என் பேரே நியாயம்தான் அபூனா. எங்கப்பா தெரிஞ்சுதான் வச்சிருக்கார்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லூகா அபூனா சிரிக்கவில்லை. இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்து அவள் கையில் சேர்த்து வைத்தார். “உனக்கு நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, இன்சாஃப்,” என்று தணிந்த குரலில் சொன்னார். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போது போயிற்று. மீதிப் பாதியோடு அடுத்த வெள்ளிக்கிழமை லாரிக்குக் கை காட்டினாள்.

அந்தக் கோடையில் ஒரு நாள் மதில் நிழல் சுருங்கி அவள் காலடியில் வந்து நின்ற நேரத்தில் அவள் கீழே விழுந்தாள். விழுந்தது அவளுக்கு நினைவில்லை. முகத்தில் தண்ணீர் பட்டபோது பிஸாதா அபூனாவின் தாடி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பலர் ஓடுகிற சத்தம் கேட்டது. மடத்துப் பால்வண்டியில் முன்சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அய்யாத் முதன்முறையாக அவளைத் திட்டினான். “செத்துப்போய் அவனைக் கூப்பிடலாம்னு பார்க்கறியா? உனக்கு வெக்கமா இல்ல? ஊருல எல்லாரும் பிள்ளைய மடத்துக்கு அனுப்பறதுக்குத் தவங்கெடக்கறாங்க, நீ வாசல்ல உக்காந்து மறியல் பண்ற!” அவள் அடுத்த வெள்ளிக்கிழமையும் போனாள்.

*

திராட்சை வண்டிகள் தெருவுக்கு வருகிற பருவத்தில், ஒரு காலை, கடை வாசலில் ரோமானி நின்றான். பேண்ட், சட்டை. தாடியை எடுத்திருந்தான், எடுத்த இடம் வெளிறித் தெரிந்தது. அய்யாத் கரும்பைச் செருகிக்கொண்டிருந்த கையை எடுக்க மறந்து நிற்க, எந்திரம் கழியைத் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

“அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டான் அய்யாத்.

“வந்துட்டேன்பா.”

 செய்தி வீட்டுக்கு அவனுக்கு முன்னாலேயே ஓடிவிட்டது. இன்சாஃப் மாடியிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்து, தெரு நடுவில், எல்லாருக்கும் முன்னால் குலவையிட்டாள். நீளமான, மூச்சு விடாத குலவை. சன்னல்கள் திறந்தன. சிலர் சேர்ந்து குலவையிட்டார்கள், ஏனென்று தெரியாமல். சிலர் சன்னலை மூடிக்கொண்டார்கள். அன்று அவள் வாத்து அடித்தாள், அரிசி வறுத்துச் சமைத்தாள், முலூகியாக் கீரைக்குப் பூண்டு தாளித்த வாசனை மூன்று வீடு தாண்டிப் போயிற்று. சமைத்ததையெல்லாம் தட்டுத்தட்டாகத் தெரு முழுக்க அனுப்பினாள். “கேட்டார்! ஆண்டவர் கேட்டார்!” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கோயிலில் போய்ப் பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கி ஏற்றினாள்.

பேச்சு அடுத்த வாரமே கிளம்பியது. மடத்திலிருந்து திரும்பி வந்த பையனைப் பற்றி ஊர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். ஓடி வந்துவிட்டான் என்று சொல்லும், இல்லையென்றால் துரத்திவிட்டார்கள் என்று சொல்லும். கடையில் சாறு குடிக்க வருகிறவர்கள் ரோமானியின் முகத்தைப் பார்த்துவிட்டு அய்யாத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற வகீம் வாத்தியார் மட்டும் வாய்விட்டுக் கேட்டார். “என்னப்பா, மடத்துல சாப்பாடு சரியில்லையா?” ரோமானி சிரித்துக்கொண்டே அவருக்கு நுரை ததும்ப ஒரு கோப்பையை நீட்டினான். அய்யாத்துக்குத்தான் முகம் சிவந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது இன்சாஃபிடம் சொன்னான்.

“ஊர் முழுக்க ஜூஸ் கொடுத்தேன். இப்போ திருப்பிக் கேக்கவா முடியும்?”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

ரோமானி ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் அவளை அரித்தது. கோபித்தால் சமாதானப்படுத்தலாம். அழுதால் மடியில் போட்டுக்கொள்ளலாம். அவன் விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு, கரும்புக்கட்டுகளை இறக்கி, தோல் சீவி, கடை திறந்தான். கட்டில் இருக்கத் தரையில் படுத்தான். வைத்ததைச் சாப்பிட்டு, நல்லாயிருக்கும்மா என்றான். அவள் கண்முன்னாலேயே, கை எட்டுகிற தூரத்தில் இருந்தான். இரவும் பகலும் கேட்டது இதைத்தான். இருந்தும் காலையில் மாவு பிசைய உட்கார்ந்தால் அவள் உதடு பழக்கத்தில் அசையத் தொடங்கும்; என் பிள்ளையை என்று தொடங்கி அப்படியே நிற்கும். மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. நன்றி சொல்லிப் பார்த்தாள். அது சொந்தக்காரர் வீட்டில் பசியில்லாமல் சாப்பிடுவதுபோல இருந்தது. வேலையில்லாத கைபோல அவள் ஜெபம் அங்குமிங்கும் அலைந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் காரணமில்லாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

அவள் பெண் பார்த்தாள். சித்தப்பா மகள் வழியில் மாரீஸ் என்று ஒரு பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், வாயாடி. அவளும் அவள் அம்மாவும் ஒரு மாலையில் வந்து தேநீர் குடித்தார்கள். இளையவர்களைப் பால்கனியில் பேசவிட்டு, பெரியவர்கள் உள்ளே தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். போகும்போது மாரீஸ் படிக்கட்டில் நின்று இன்சாஃபின் காதருகே குனிந்தாள்.

“அத்தை, உங்க பையன் ரொம்ப நல்லவர். எனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டார். கேட்டுட்டு, நான் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருந்தார். எங்க வீட்டுல கூட அப்படி யாரும் கேட்டதில்ல.”

“அப்போ சரின்னு சொல்லட்டுமா கண்ணு?”

“வேண்டாம் அத்தை. ரயிலுக்கு நிக்கறவர்கிட்ட எவ்வளவு நேரம்தான் பேசிக்கிட்டிருக்க முடியும்?”

*

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடைத்தெரு அடங்கிவிடும். முனையிலிருக்கிற பள்ளிவாசலில் பிரசங்கம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்க, ஹாஜி ஸப்ரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த நேரத்துக்கு மரியாதையாக அய்யாத்தும் எந்திரத்தை நிறுத்தி, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுவான். அந்த வெள்ளிக்கிழமை அவன் குறட்டைவிடத் தொடங்கியதும் இன்சாஃப் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பாதி இறங்கிய கதவுக்கடியில் குனிந்து நுழைந்தாள். உள்ளே ரோமானி எந்திரத்தின் உருளைகளைக் கழற்றித் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சக்கைக் குவியலின்மேல் ஈக்கள். புளித்த இனிப்பு வாடை.

அவள் சாப்பாட்டைப் பலகையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். “ஏன்டா உன்னை அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பலம்மா.”

“பின்ன?”

அவன் உருளையைத் திருப்பித் திருப்பித் தேய்த்தான். “நானாத்தான் கேட்டேன். மடத்துத் தலைவர்கிட்டப் போய், வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்.”

அவளுக்குப் புரியவில்லை.  “ஏன்? பிடிக்கலையா?”

“பிடிச்சிருந்தது.” அவன் முதன்முறையாக நிமிர்ந்தான். “நீ வெளியில நிக்கறது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைன்னா எல்லாருக்கும் தெரியும். ரோமானி, உங்க அம்மா வந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. ரொட்டி மேசைக்கு வரும். எல்லாரும் ஆசையா பிச்சுச் சாப்பிடுவாங்க. எனக்குத் தொண்டையில இறங்காது. கோயில்ல நின்னா, நான் ஒண்ணு சொல்றேன், சுவருக்கு அந்தப்பக்கம் நீ ஒண்ணு சொல்றே. எதும்மா அவருக்குக் கேக்கும்? எனக்கு உன்மேல கோபம் வந்துச்சு. முதல்ல கொஞ்சம். அப்புறம் நிறைய. நீ விழுந்தியே, அன்னிக்கு ஓடி வந்தேன். வாசல்கிட்ட வந்துட்டேன். ஐயோ அம்மான்னு தோணல. செத்துட்டா நிம்மதியான்னு ஒரு நொடி தோணிச்சு.”

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. அவன் குரல் அதற்குக் கீழே ஓடியது.

“அப்படி நினைச்சுட்டு அங்க எப்படி நிக்கறது? அதான் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“தலைவர் என்ன சொன்னார்?”

“போன்னார். வழி தெரிஞ்சா வான்னார். தெரியலன்னா அதுவும் சரின்னார்.”

“நீ இப்போ என்ன கேக்கறே? ஜெபத்துல?”

“ஒண்ணும் கேக்கறதில்ல. நிக்கறேன், அவ்வளவுதான். நீ?”

அவள் பலகையிலிருந்த சாப்பாட்டின் மூடியைத் திறந்தாள், மூடினாள். ஏதாவது செய்யவேண்டும் என்று குனிந்து, தண்ணீரில் கிடந்த இன்னொரு உருளையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அது கனமாக, வழுக்கலாக இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தங்கள் கலைகிறவரைக்கும் தேய்த்தார்கள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டார், ஆண்டவர் கேட்டார் என்று தெரு முழுக்கத் தட்டு அனுப்பினாளே. கேட்டது அவரா? சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளை அல்லவா கேட்டிருக்கிறான்! அவள் வானத்துக்குச் சொன்னதாக நினைத்ததெல்லாம் மதிலுக்குமேல் எழும்பாமல் நேரே அவன் தலையில் போய் விழுந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் ஆண்டவர் ஒன்றும் சொல்லவேயில்லையா? இல்லை, பிள்ளையை இப்படிக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தி, இந்தா, நீ கேட்டது, வைத்துக்கொள் என்று சொல்கிறாரா? அடுத்து வந்த நாட்களில் அவள் கேட்டுக் கேட்டுச் சலித்தாள். அடுப்படியில் கேட்டாள், சந்தையில் வெங்காயம் பொறுக்கும்போது கேட்டாள். ஒரு பகலில் யாருமில்லாத கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சண்டையே போட்டாள். “உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லேன்! கன்னுக்குட்டி போதாதுன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே! இப்போ அவனைக் கொடுத்தா, நானே கொடுத்ததா ஆகும். வச்சுக்கிட்டா, நான் புடிச்சு வச்சதா ஆகும். ரெண்டுலயும் நீ எங்க இருக்கே?” கோயில் பெருக்குகிறவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றோடு சத்தமில்லாமல் வெளியே போனார். அவள் முழங்கால் மரத்துப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். எந்த வெளிச்சமும் வரவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது, வாய்விட்டு, “சரி, நீ சொல்லு, நான் கேக்கறேன்” என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தன் குரல் என்று தெரிந்தது. உடனே பயம் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

*

அய்யாத்தின் தம்பி ஃபாயிஸிடம் ஒரு பழைய மைக்ரோபஸ் இருந்தது. திங்கட்கிழமை சவாரி குறைவு என்பதால் அன்று வரச் சொன்னாள்.

“எங்க மதினி?”

“மடத்துக்கு.”

அய்யாத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். “என்ன சொல்லப் போறே அங்க?”

“தெரியாது. தலைவரைப் பார்க்கணும். பார்த்தா வாயில என்ன வருதோ அது.”

“ரோமானிய…”

“அவனும் வரட்டும். நீங்களும் வாங்க. கேள்வி கேக்காம வர்றதா இருந்தா வாங்க.”

ரோமானி கடைக்கதவை இறக்கிப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இன்சாஃப் அவனுக்கு முந்தின சீட்டில், அய்யாத் தம்பிக்குப் பக்கத்தில். நைல் பாலத்தைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களும் எருமைகளும் போய், மணல் தொடங்கியது.  ஃபாயிஸ் மட்டும் வழி நெடுக வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வழியில் எத்தனையோ லாரிகளில் போயிருக்கிறாள்; ஒருதடவைகூட வழியைப் பார்த்ததில்லை. மனசுக்குள் தலைவரிடம் பேசிப் பார்த்தாள். “இவனை எடுத்துக்கோங்க” என்று ஒரு தடவை. “இவனை விட்டுடச் சொல்லுங்க” என்று ஒரு தடவை. இரண்டுமே பொய்போலவும் இருந்தது, இரண்டுமே உண்மைபோலவும் இருந்தது. பின்னால் ரோமானி மூச்சு விடுவது கேட்டது. தூங்குகிறானா, ஜெபிக்கிறானா? திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினதும், மடத்துச் சாலையின் ஏற்றத்தில், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஃபாயிஸ் சாவியைத் திருப்பினான். திருப்பினான். பிறகு நெற்றியை ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டான்.

“இறங்கித் தள்ளணும் அண்ணே. வேற வழியில்ல.”

இன்சாஃபும் எழுந்தாள். “நீங்க உக்காருங்க மதினி, நீங்க என்ன பெரிய பாரமா?” என்றான் ஃபாயிஸ். அவள் உட்கார்ந்தாள். அய்யாத் பக்கவாட்டில் திறந்த கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ரோமானி பின்னால் போனான். அவள் சீட்டில் திரும்பி மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புழுதி படிந்த கண்ணாடியில் அவன் இரண்டு உள்ளங்கைகளும் வந்து அழுந்தின. தலை குனிந்திருந்தது, உச்சிமயிர் மட்டும் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் அவர்கள் வந்த சாலை வெயிலில் கிடந்தது. அவள் உதடு அசைந்தது. வண்டி கிளம்பட்டும் என்றா, கிளம்பவேண்டாம் என்றா, அவளுக்கே தெரியவில்லை, வார்த்தையே வரவில்லை.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. “இன்னும்! இன்னும்!” என்று கத்தினான் ஃபாயிஸ். சக்கரம் மணலைக் கடித்துக்கொண்டு உருண்டது, இஞ்சின் இருமியது, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு சட்டென்று பிடித்தது. அய்யாத் கதவுக்குள் தொற்றி ஏறி, சீட்டில் விழுந்தான். வண்டி ரோமானியின் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

“நிறுத்துடா! பையன் ஏறல!”

“நிறுத்தினா செத்துடும் அண்ணே! ஓடி வரச் சொல்லுங்க!”

இன்சாஃப் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துக் கதவுக்கு வந்தாள். கம்பியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, காற்றில் முக்காடு பறக்க, வெளியே குனிந்து மறு கையை நீட்டினாள். புகைக்குள்ளிருந்து ரோமானி ஓடி வந்துகொண்டிருந்தான். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. வாயெல்லாம் புழுதி. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், வீடு வந்த பிறகு அவள் பார்த்திராத சிரிப்பு, சின்ன வயதில் குளியலுக்குப் பயந்து அம்மணமாகத் தெருவில் ஓடும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அய்யாத் பின்னாலிருந்து அவள் அங்கியைப் பிடித்துக்கொண்டான். முன்னால் மடத்தின் மதில் வந்துகொண்டிருந்தது. நீட்டின கைக்கும் ஓடி வருகிற கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. வண்டி குலுங்குந்தோறும் அது குறைந்தது, கூடியது, குறைந்தது.